காதால் மதிப்பிட்ட இரண்டு தொகுப்புகள்: மைக்ரோசாப்ட் ஆபீசும் லிப்ரே ஆபீசும்

என் மேசையில் இருக்கும் கணினியின் திரை வேலை நேரத்தில் கறுப்பாகவே இருக்கும். அந்த வெளிச்சத்தால் எனக்குப் பயன் இல்லை; நான் தட்டும் சம்பளப் பட்டியலைப் பின்னால் நிற்பவர் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானில், திரையைக் கறுப்பாக்கும் திரைச்சீலை வசதியை இயக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். புதிதாகச் சேர்ந்த அலுவலக உதவியாளர் ஒருவர், கணினி அணைந்து கிடக்கிறது என்று எண்ணி, எனக்கு உதவுவதற்காக ஒருமுறை பொத்தானை அழுத்திவிட்டார். சேமிக்காத இரண்டு பக்கங்கள் போயின. அதன் பிறகு கண்ட்ரோல் எஸ் அழுத்துவது எனக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது.

பிறவியிலேயே பார்வையற்ற நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடிதம், சுற்றறிக்கை, வருகைப் பட்டியல், கட்டணக் கணக்கு ஆகிய நான்கும்தான் என் அன்றாடம். மைக்ரோசாப்ட் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ் என்னும் இரண்டு தொகுப்புகளையும் விண்டோஸ் கணினியில், என்விடிஏவின் துணையோடு, இந்த நான்கு வேலைகளுக்கும் மாறிமாறிப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். எது அழகாக இருக்கிறது என்ற கேள்வி எனக்கு இல்லை. சுட்டியைத் தொடாமல், யாரையும் கூப்பிடாமல், ஒரு வேலையைத் தொடங்கிய நானே அதை முடிக்க முடிகிறதா என்பதும், தமிழில் முடிக்க முடிகிறதா என்பதும்தான் என் அளவுகோல்.

மதிப்பீட்டுக்குள் போகுமுன் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை. அது மென்பொருளிடம் கேள்வி கேட்கிறது: இப்போது குவியம் (விசையை அழுத்தினால் செயல்படும் இடம்) எதன்மேல் இருக்கிறது, அது பொத்தானா, பட்டியலா, அட்டவணைக் கட்டமா, அதன் பெயர் என்ன, அது தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா, இல்லையா? மென்பொருள் இவற்றுக்குப் பதில் சொன்னால்தான் என் காதுக்குச் செய்தி வந்து சேரும். சொல்லாவிட்டால் திரையில் எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் எனக்கு அங்கே சுவர்தான். இந்தக் கேள்வி பதிலுக்கான பொது மொழியை மைக்ரோசாப்ட் 1997-இல் ஆக்டிவ் அக்சசிபிலிட்டி என்ற பெயரில் உருவாக்கியது. பிறகு விண்டோஸ் விஸ்டா காலத்தில் யுஐ ஆட்டோமேஷன் வந்தது. பத்திகளும் அட்டவணைகளும் நிறைந்த ஓர் ஆவணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முதல் மொழியின் சொல்வளம் போதவில்லை என்பதுதான் அதன் பின்னர் நடந்த பலவற்றுக்கும் காரணம்.

அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. 2005-இல் அந்த மாநில அரசு, தன் ஆவணங்கள் ஒரே நிறுவனத்தின் கோப்பு வடிவத்தில் சிறைப்பட்டுக் கிடக்கக் கூடாது என்று, ஓப்பன் டாக்குமெண்ட் என்ற திறந்த வடிவத்துக்கு மாற முடிவெடுத்தது. கொள்கை அளவில் நல்ல முடிவு. ஆனால், அந்த வடிவத்தைக் கையாளும் முதன்மை மென்பொருளாக அன்று இருந்த ஓப்பன் ஆபீஸ், விண்டோஸில் திரைவாசிப்பானோடு பேசுவதற்கு ஜாவா என்னும் வேறொரு மென்பொருள் தளத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது; மைக்ரோசாப்ட் ஆபீசை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பார்வையற்ற ஊழியர்களுக்கு அது வேலையை இழப்பதற்குச் சமம். மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்த்தன. எல்லோருக்கும் திறந்த வடிவம் என்ற பெயரில் வந்தது, எங்களுக்கு மட்டும் பூட்டிய கதவாக இருந்தது. அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. 2006 டிசம்பரில் ஐபிஎம் நிறுவனம் ஐ-அக்சசிபிள் 2 என்ற விரிவான இடைமுகத்தை அறிவித்தது. 2007-இல் ஓப்பன் டாக்குமெண்டின் 1.1 பதிப்பு அணுகல்தன்மைக் குறைகளைக் களைந்து வெளிவந்தது. ஓப்பன் ஆபீசிலிருந்து 2010-இல் பிரிந்த லிப்ரே ஆபீஸ், 2014-இல் ஜாவா பாலத்தைக் கைவிட்டு இந்தப் புதிய இடைமுகத்துக்கு மாறியது. இன்று நான் லிப்ரே ஆபீஸின் எழுத்து மென்பொருளான ரைட்டரைத் திறந்தவுடன் அது பேசுகிறது என்றால், கண்காணாத ஊரில் சிலர் அடம்பிடித்ததும் அதற்கு ஒரு காரணம்.

வேர்டிலிருந்து தொடங்குகிறேன். ரிப்பன் என்னும் கருவிப்பட்டை முதன்முதலில் வந்தபோது மெனுவுக்குப் பழகிய எங்களில் பலர் மிரண்டோம். இப்போது அதை ஏறக்குறைய மறந்தே போனேன், ஏனெனில் ஆல்ட் க்யூ என்ற ஒரே விசைச்சேர்க்கை போதும். தேடல் பெட்டி திறக்கும். வேண்டிய கட்டளையின் பெயரைத் தட்டி, கீழ்நோக்கிய அம்புக்குறியால் தேர்ந்து, என்டர் அழுத்தினால் வேலை நடந்துவிடும். எந்தக் கட்டளை எந்தத் தாவலின் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்பது கண்ணுள்ளவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய சங்கதி.

வேர்டின் உண்மையான வலிமை நீண்ட ஆவணத்தில் தெரிகிறது. என்விடிஏவில் இன்சர்ட்டையும் ஸ்பேசையும் சேர்த்து அழுத்தினால் உலாவு முறை இயங்கும். அதன்பின் எச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகவும், டி (T) விசையைத் தட்டினால் அட்டவணை அட்டவணையாகவும் தாவலாம். இன்சர்ட் எஃப்7 அழுத்தினால் தலைப்புகள், இணைப்புகள், கருத்துரைகள், எழுத்துப்பிழைகள் ஆகியவை பட்டியலாகவே வந்து நிற்கும். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் 80 பக்க ஒழுங்குமுறைக் கையேட்டில் கட்டணச் சலுகை பற்றிய பகுதிக்கு நான் அரை நிமிடத்தில் போய்விடுவேன். பக்கத்து மேசைக்காரர் அதற்குள் சுட்டியின் சக்கரத்தை உருட்டத்தான் தொடங்கியிருப்பார். ஆனால் இந்தப் பெருமையெல்லாம் ஆவணத்தைத் தயாரித்தவர் தலைப்பைத் தலைப்பாக அமைத்திருந்தால் மட்டும்தான். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி நடுவில் வைத்துவிட்டு அதைத் தலைப்பு என்று எண்ணுபவர்கள் எழுதிய கையேடு, எனக்கு 80 பக்க நீளமுள்ள ஒரே பத்தி.

ரைட்டர் இதற்கு வேறொரு வழியில் ஈடுகொடுக்கிறது. எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர் திறக்கும். தலைப்புகள், அட்டவணைகள், படங்கள், புத்தகக்குறிகள் ஆகியவை மரக்கிளை அமைப்பில் இருக்கும். வேண்டிய இடத்தில் என்டர் அழுத்தலாம். பழைய பாணி மெனுப்பட்டை இன்னும் மாறாமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கோப்பு, திருத்தம், பார்வை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவது காதுக்கு இயல்பான ஒழுங்கு. கட்டளையின் பெயரைத் தட்டித் தேடும் வசதியும் 7.2 பதிப்பிலிருந்து ஷிஃப்ட் எஸ்கேப்பில் இருக்கிறது. வெறும் கடிதமும் சுற்றறிக்கையும் எழுதுபவருக்கு ரைட்டரே போதும் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இரண்டுக்கும் இடையே மாறிமாறி வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரைட்டரில் கண்ட்ரோல் 1 அழுத்தினால் அந்தப் பத்தி முதல்நிலைத் தலைப்பாகும். வேர்டில் அதே விசைகள் வரி இடைவெளியை ஒற்றையாக்கிவிடும், தலைப்புக்கு ஆல்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். விரலின் பழக்கத்தில் நான் அப்படி மாற்றிவிட்ட ஒரு கடிதத்தைக் கையெழுத்துக்கு வைத்தபோதுதான், இடைவெளி ஏன் ஒரு பத்தியில் மட்டும் நெருங்கிக் கிடக்கிறது என்று மேலாளர் கேட்டார். இன்சர்ட் எஃப் அழுத்தினால் எழுத்துருவும் அளவும் அமைப்பும் வாசிக்கப்படும். முக்கியமான கடிதங்களில் பத்திக்கு ஒருமுறையாவது அதை அழுத்திக் கேட்பது நல்லது. கோப்பை ஒன்றில் உருவாக்கி மற்றொன்றில் திறக்கும்போதும் இதே கவலைதான்: பக்க உடைப்பு நகர்ந்திருக்கலாம், அட்டவணை ஓரத்தைத் தாண்டியிருக்கலாம், கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு வரிகள் வரிசை தவறாமல் வருவதால் எதுவும் தெரியாது. வெளியே அனுப்பும் கடிதத்தை நான் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புகிறேன். லிப்ரே ஆபீஸின் 7.0 பதிப்பிலிருந்து, அணுகல்தன்மைக்கான பிடிஎஃப்-யுஏ தரத்தில் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டியில் அந்தக் குறியைப் போட்டுவிட்டால், பெறுபவர் என்னைப் போன்றவராக இருந்தால் அவருக்கும் தலைப்பும் அட்டவணையும் உயிரோடு போய்ச் சேரும்.

விரிதாளுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. விரிதாள் என்பது பார்வைக்காகவே பிறந்த பொருள். கண்ணுள்ளவர் ஒரே பார்வையில் மேலே நிரலின் (மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசையின்) பெயரையும் இடப்பக்கம் மாணவரின் பெயரையும் இணைத்துப் பார்க்கிறார். எனக்குக் கிடைப்பது ஒரு நேரத்தில் ஒரு கட்டம். "4,500, எஃப் 37" என்று கேட்டால் அது எந்த மாணவரின் எந்தக் கட்டணம்? எக்செலில் தலைப்பு வரிசையின் முதல் கட்டத்தில் நின்று இன்சர்ட், ஷிஃப்ட், சி ஆகிய மூன்றையும் அழுத்திவிட்டால், அதன் பிறகு நிரல் மாறும்போதெல்லாம் நிரலின் பெயரும் சேர்ந்து ஒலிக்கும். அதே போல ஆர் விசையால் வரிசைத் தலைப்பையும் அமைக்கலாம். "விடுதிக் கட்டணம், 4,500" என்று கேட்பதற்கும் வெறும் எண்ணைக் கேட்பதற்கும் உள்ள தூரத்தை, 600 மாணவர்களின் கணக்கை மாலைக்குள் முடிக்க வேண்டியவர்தான் அறிவார். விளக்கப்படங்களைக் கூட எக்செலில் இன்சர்ட் எஃப்7 பட்டியலிலிருந்து திறந்து, அம்புக்குறியால் புள்ளி புள்ளியாகக் கேட்கலாம். கேட்டு முடிக்கும்போது படத்தின் வடிவம் மனத்தில் நிற்கிறதா என்றால் எனக்கு நிற்பதில்லை. அடியில் உள்ள அட்டவணையையே படித்துவிடுகிறேன்.

லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க்கில் அன்றாடக் கணக்குகள் சிக்கலின்றி நடக்கின்றன. கட்டத்தின் முகவரியைப் படிக்கிறது, சூத்திரத்தைப் படிக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) அழுத்தினால் பெயர்ப்பெட்டிக்குப் போய் வேண்டிய கட்டத்தின் முகவரியைத் தட்டலாம். இங்கே ஒரு சுவையான தொழில்நுட்பச் செய்தி உண்டு. 7.4 பதிப்பில் கால்க்கின் நிரல்கள் 1,024-இலிருந்து 16,384 ஆக உயர்ந்தன. வரிசைகள் 10,48,576. இரண்டையும் பெருக்கினால் ஒரு தாளில் 1,717 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள். திரைவாசிப்பானைப் பொறுத்தவரை ஒவ்வொரு கட்டமும் அந்தத் தாளின் ஒரு பிள்ளை. பிள்ளைகளை எண்ணுவதற்கு வைத்திருந்த 32 பிட் எண் 214 கோடியோடு நின்றுவிடும். ஆகவே, எண்ணும் முறையையே 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கண்ணுள்ளவருக்குத் தாள் பெரிதானது வெறும் வசதி. எங்கள் பக்கத்தில் அதற்காக அடித்தளத்தையே தோண்டிப் போட வேண்டியிருந்தது. பெரிய கணக்கு, வடிகட்டல், கணக்கைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை ஆகியவை உங்கள் வேலையில் அன்றாடம் வருமானால் எக்செலையே பரிந்துரைக்கிறேன். தலைப்புகளை அமைத்துக்கொள்ளும் அந்த ஒரு வசதிக்காகவே அதற்குக் கொடுக்கும் பணம் தகும்.

எண்களைப் பற்றி இன்னொன்று. 12,50,000 என்று நாம் இடும் கமாவை எல்லாக் குரல்களும் நம் வழக்கப்படி புரிந்துகொள்வதில்லை. மேற்கத்திய முறையில் மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிக்கப் பழகிய குரல், பன்னிரண்டரை லட்சத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் படிக்கும். சரிபார்க்கும்போது கட்டத்தின் அமைப்பில் கமாவை நீக்கிவிட்டு, அச்சுக்குப் போகுமுன் திரும்பப் போடுவது என் வழக்கம்.

தமிழுக்கு வருவோம். அலுவலக மென்பொருளின் அணுகல்தன்மையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் வேலையில் பாதிக்கு மேல் தமிழ். இரண்டு குரல்கள் எனக்குப் பயன்படுகின்றன. ஒன்று என்விடிஏவோடு சேர்ந்தே வரும் இஸ்பீக் என்ஜியின் தமிழ்க் குரல்; இயந்திரத்தனமானது, முதல் முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் விசையை அழுத்திய கணத்தில் பேசும், எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சொல் சிதையாது. மற்றொன்று விண்டோஸில் தமிழை நிறுவினால் கிடைக்கும் வள்ளுவர் என்ற குரல். மனிதக் குரலுக்கு நெருக்கமானது, நீண்ட அறிக்கையை அமைதியாகக் கேட்க ஏற்றது. தட்டச்சு செய்யும்போது இஸ்பீக், படிக்கும்போது வள்ளுவர் என்று பிரித்து வைத்திருக்கிறேன். குறளை ஏழு சீரில் முடித்தவரின் பெயரை, 40 பக்கத் தணிக்கை அறிக்கையைப் படிக்கும் குரலுக்கு வைத்த குறும்பை நான் ரசிக்கிறேன்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடில் எழுதப்படாத தமிழ் எனக்குத் தமிழே அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகள், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. முகமூடி கண்ணுக்குத்தான். பாமினியில் எழுதிய "தமிழ்" என்ற சொல் எழுத்து எழுத்தாக என் காதில் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று விழும். யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருக் கோப்புகள் மேசைக்கு மேசை நடமாடுகின்றன. மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன; நகலெடுத்து, ஒட்டி, மாற்றி, திரும்ப ஒட்டினால் படிக்கலாம். இடையில் வந்த ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி தமிழ் என்று எண்ணிக் கலக்கிவிடும் என்பதால், ஒரு பக்கக் கடிதத்துக்குக் கால் மணி நேரம் போகும். இது வேர்டின் குற்றமும் இல்லை, ரைட்டரின் குற்றமும் இல்லை.

யூனிகோடிலேயே எழுதினாலும், காதால் பிழைதிருத்துவதில் ஒரு விசித்திரம் உண்டு. "கௌரி" என்ற பெயரைப் பலர் கெ, ள, ரி என்று தட்டுகிறார்கள். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் அச்சில் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள். தேடினால் கிடைக்காது, அகர வரிசையில் இடம் மாறி நிற்கும். என் குரல் அதைக் "கெளரி" என்று கூச்சமில்லாமல் மூன்றெழுத்தாகப் படித்துக் காட்டிக் கொடுத்துவிடும். "ஔவை" எழுதும் இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் இட்டு "ஒளவை" ஆக்குவதும், எகரத்துக்குப் பதிலாக அதே தோற்றமுள்ள தமிழ் எண் ஏழைப் போடுவதும் இந்த வகைதான். சேர்க்கைப் பட்டியலில் மூன்று கௌரிகளைத் தேடிக் கிடைக்காமல் ஒரு முற்பகல் முழுதும் அலுவலகம் திண்டாடியபோது, பட்டியலைக் கேட்டு ஐந்து நிமிடத்தில் மூவரையும் கண்டுபிடித்தது நான்.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நேர்மையல்ல. "அரை"யும் "அறை"யும் என் குரலில் ஏறக்குறைய ஒன்றுதான். ணகர னகர வேறுபாடும் வேகமாக ஓடும்போது காதில் கரைந்துவிடும். "பணி", "பனி" என்பவற்றை அழுத்தமாகக் கேட்டால்தான் பிரிக்க முடியும். கண்ணுள்ளவர் ஒரு நொடியில் பிடிக்கும் இந்தப் பிழைகளை நான் அம்புக்குறியால் எழுத்தெழுத்தாக நகர்ந்துதான் பிடிக்கிறேன். எழுத்தை விரலால் தொட்டுணரும் புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் காட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் தனித்தனிப் புள்ளிகள், என்விடிஏவும் தமிழ்ப் பிரெயிலை ஆதரிக்கிறது. ஆர்பிட் ரீடர் 20 போன்ற, ஒப்பீட்டளவில் விலை குறைந்த 20 கட்டக் கருவிகள் வந்துவிட்டன. அலுவலகச் செலவில் ஒன்று கேட்டுப் பெற முடிந்தால், தமிழில் பிழைதிருத்தும் பார்வையற்றவருக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை என்பேன்.

அழிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "கொ" என்பது திரையில் ஓர் எழுத்தாகவும் உள்ளே ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டாகவும் இருக்கிறது. அம்புக்குறி அதை ஒரே தாவலில் கடக்கும். டெலிட் விசை முழுவதையும் நீக்கும். பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் நீக்கிக் ககரத்தை விட்டுவைக்கும். புதிதாகப் பழகுபவர்கள் ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்திவிட்டு எழுத்து போய்விட்டது என்று நம்பி அடுத்ததைத் தட்டுவார்கள். சொல் நடுவே ஓர் அநாதைக் ககரம் நின்றுகொண்டிருக்கும். தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் பிரிந்திருப்பது, விசைப்பலகையைப் பார்க்காமல் பழகுபவர்களுக்கு நல்ல ஒழுங்கு.

குறைப்பார்வை உள்ளவர்களின் தேவை வேறு. என்னுடன் பணிபுரியும் ஒருவர் விண்டோஸின் உருப்பெருக்கியையும் அடர்நிற முரண் தோற்றத்தையும் பயன்படுத்துகிறார். அவர் சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தெரியும்: ஆவணத்தைப் பெரிதாக்குவது இரண்டிலும் எளிது, பெட்டிகளும் மெனுக்களும் அதனோடு சேர்ந்து பெரிதாகாது, ஆகவே திரை முழுவதையும் பெருக்க வேண்டும், அப்போது விரிதாளின் தலைப்பு வரிசை பார்வைக்கு வெளியே போய்விடும். தலைப்பு வரிசையை உறையச் செய்துவிட்டு வேலை செய்கிறார். மேற்கொண்டு சொல்ல நான் தகுதியுள்ளவன் அல்லன். காட்சியளிப்பு மென்பொருளான பவர்பாயிண்ட், இம்ப்ரெஸ் இரண்டிலும் உரையைத் தட்டிச் செருகுவதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவா என்று பார்க்க ஒரு கண் தேவைப்படுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் நாளில் எங்கே நேரம் வீணாகிறது என்று கணக்குப் பார்த்தால், மென்பொருளில் அல்ல, பிறர் தயாரித்து அனுப்பும் கோப்புகளில்தான். அடுத்த பக்கத்துக்குப் போவதற்காகப் பன்னிரண்டு முறை என்டர் தட்டியிருப்பார்கள். என் காதில் "பிளாங்க்" என்பது பன்னிரண்டு முறை. கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் முடிகிற காரியம் அது. கட்டணம் நிலுவையில் உள்ளவர்களைச் சிவப்பாக்கி அனுப்புவார்கள். நிறத்தையும் படிக்கும்படி என்விடிஏவை அமைக்கலாம், ஆனால் 600 வரிசைக்கும் நிறத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர் மாலையில் தலைவலி மாத்திரை தேடுவார். "நிலுவை" என்று ஒரு நிரல் சேர்த்தால் வடிகட்டிப் பார்ப்பதற்கு அவர்களுக்கும் எளிது. அறிவிப்பை உரைப்பெட்டிக்குள் எழுதி மிதக்க விடுவார்கள். பத்திகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும் திரைவாசிப்பான் அதைத் தொடாமலே கடந்துவிடும். கையெழுத்தான சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து படமாக அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையெழுத்திட்ட படத்தோடு மூலக் கோப்பையும் இணைக்கலாம் என்று நான் கேட்காத கூட்டம் இல்லை.

இவற்றில் பலவற்றை அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்லும் அணுகல்தன்மைச் சோதனை, வேர்டிலும் எக்செலிலும் 2010 பதிப்பிலிருந்தே இருக்கிறது. லிப்ரே ஆபீசிலும் வந்துவிட்டது. விவரிக்கும் மாற்று உரை இல்லாத படம், தலைப்பு வரிசை இல்லாத அட்டவணை, மிதக்கும் பெட்டி ஆகியவற்றை அது பட்டியலிடும். எழுத்துப்பிழைச் சோதனை போலவே ஒரு சொடுக்கு. என் அலுவலகத்தில் அதை இயக்கிப் பார்த்தவர்கள் என் அறிவுக்கு எட்டியவரை இருவர், அவர்களில் ஒருவன் நான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தில் அணுகலை வலியுறுத்துகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17802 என்ற தரத்தையே வெளியிட்டிருக்கிறது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. சுற்றறிக்கை தயாரிக்கும் மேசைக்கு இவை எப்போது வந்து சேரும் என்பதை என் அனுபவத்தை வைத்து நான் கணிக்க விரும்பவில்லை.

விலையைப் பற்றி. என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டேவோடு சேர்ந்து வளர்த்த திறந்தமூல மென்பொருள், இருவரும் பார்வையற்றவர்கள். பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்று விண்டோஸ் கணினிகளில் இயக்கலாம். அதற்கு முன் எங்களுக்கு இருந்த பெரிய வழி ஜாஸ் என்னும் கட்டணத் திரைவாசிப்பான். இன்றும் சிறந்த கருவி, ஆனால் மாதச் சம்பளக்காரர் சொந்தக் காசில் வாங்கத் தயங்கும் விலை. என்விடிஏவோடு லிப்ரே ஆபீசைச் சேர்த்தால், விண்டோஸ் உள்ள எந்தக் கணினியிலும் ஒரு ரூபாய் செலவின்றி முழு அலுவலகமும் அமைந்துவிடும். வேலை தேடும் நிலையில் இருப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். வேலை கிடைத்த இடத்தில் எக்செல்தான் ஓடும் என்பதால், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அதன் விசைகளையும் பழகி வையுங்கள்.

கடைசியாக, நிறுவியவுடன் நான் மாற்றும் மூன்று அமைப்புகள்: தட்டும் எழுத்துகளைப் படிப்பதை நிறுத்திவிட்டுச் சொற்களை மட்டும் படிக்க வைப்பேன், எழுத்துப்பிழை நேர்ந்தால் ஒலி எழுப்பும் வசதியை இயக்குவேன், தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் குறைப்பேன். மூன்றாவது, அந்த அலுவலக உதவியாளர் கற்றுக்கொடுத்தது.